விடிவெள்ளிக்குப் புதுச் சாவி

இதை எனக்கு முதலில் சொன்னது என் நாத்தனார் விக்டோரியா. போன தவக்காலத்தில், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம், இரண்டு பேரும் உட்கார்ந்து ஓலையில் சிலுவை மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

வெள்ளைமணல்துறையில் வள்ளங்களுக்கு நங்கூரம் கிடையாது. கோயில் கிட்டாரில்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். கிட்டாருக்கு ஆறு கம்பி, துறைக்கு ஆறு வள்ளம். காலை ஜெபம் முடிந்ததும், கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் சந்தியாகு கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். வள்ளங்கள் கடலுக்குப் போகும். மத்தியானம் முறுக்குவார். கரைக்கு வரும். வள்ளத்தில் மோட்டாரும் உண்டு. அது பேச்சுத்துணைக்கு.

அந்தத் துறையில் பிரகாசி என்று ஒருத்தி. அவள் புருஷன் இன்னாசியின் வள்ளத்துக்கு விடிவெள்ளி என்று பேர். அது ஆறிலேயே மெல்லிய கம்பியில் இருந்தது. அந்தக் கம்பியை முறுக்குகிற சாவி பழசாகி, பல் தேய்ந்துபோயிற்று. உபதேசியார் எவ்வளவுதான் முறுக்கினாலும் கையை எடுத்ததும் சாவி தானாகத் திரும்பிக்கொள்ளும். மற்ற ஐந்து வள்ளமும் கரையேறிவிடும். இன்னாசி மட்டும் கரைக்குக் கிட்டே வந்து, மீன் கூடையைத் தூக்கி, வேட்டியை மடித்துக் கட்டி, இறங்கப் போகிற நேரத்தில் ஊரைப் பார்த்துக் கையசைத்துவிட்டு மறுபடியும் கடலுக்குள் போவார். நாளாக நாளாக அவ்வளவு கிட்டேயும் வருவதில்லை.

"எங்க நிக்கிய?" என்று பிரகாசி போனில் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கேன் பிள்ள. நேத்து வரைக்கும் நம்ம கோபுரத்துச் சிலுவை தெரிஞ்சுது. இன்னைக்கு அக்கரை ரேடியோ எடுக்கு. நல்ல பாட்டாத்தான் போடுதானுவ."

"பாட்டு கேக்கவா போனிய?"

போனை வைத்துவிட்டு ஒரு ஜெபமாலை சொன்னாள். இன்னும் ரெண்டு நாள் விட்டால் அந்த ரேடியோக்காரன் இவர் பேர் சொல்லியே பாட்டுப் போடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

உபதேசியார் புதுச் சாவி வாங்கி வைத்திருந்தார். ஆனால் கை வைக்கத் தயங்கிக்கொண்டிருந்தார்.

"பழசைக் கழத்தணும்னா கம்பிய முழுசா உருவணும் தாயி. உருவின கம்பிய யாராவது பிடிச்சுக்கிட்டே இருக்கணும். விட்டுட்டா இன்னாசி அக்கரையில அடுப்பு மூட்டிருவான்."

"நான் பிடிக்கேன்."

"விரல அறுத்துரும்."

"தினம் நண்டு உடைச்சு ஆயுத விரலு. நீங்க கழத்துங்க."

உள்ளங்கையில் முந்தானையைச் சுற்றி, அதன்மேல் கம்பியைச் சுற்றி இறுக்கிப் பிடித்தாள். பழைய சாவி கிட்டாரின் கழுத்தைவிட்டு வந்தது. இப்போது விடிவெள்ளிக்குப் பிடிமானம் பிரகாசி மட்டும்தான். இன்னாசியை மறுபடி கூப்பிட்டு, போனைப் பெஞ்சின்மேல் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"யாரு பிடிச்சிருக்கா?" என்றார் இன்னாசி.

"நான்தான்."

"அதான பார்த்தேன். கல்யாணமான நாள்லேருந்து தெரிஞ்ச இழுப்பு."

புதுச் சாவியின் தண்டு கொஞ்சம் தடிமன். துளைக்குள் போகவில்லை. உபதேசியார் பென்சிலில் உப்புத்தாளைச் சுற்றித் துளையை மெதுவாக ராவினார். பின்பக்கத்து ஸ்குரூ ஓட்டைகளும் ஒத்துவரவில்லை. பழைய ஓட்டையில் பசை தடவி ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகினார். அது காய வேண்டும். அதுவரை பிரகாசி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தது. தலையை லேசாக உதறினாள்.

"ஏ, ஆட்டாத! சோத்துச்சட்டி கவுந்துட்டு."

"ஈ வே அது."

"கட்டின புருஷனப் போயி 'வே'ன்னு கூப்பிடுத. உபதேசியாரு கேக்காரு பாரு."

"நான் ஒண்ணும் கேக்கல," என்றார் உபதேசியார்.

ஸ்குரூவுக்குச் சோப்புத் தடவி முடுக்கினார். முன்பக்கம் வாஷரைப் போட்டு நட்டை இறுக்கினார். பிறகு அவள் கையிலிருந்து கம்பியை வாங்கித் தண்டில் கோத்து முறுக்க ஆரம்பித்தார். அவள் உள்ளங்கையில் கோடு கோடாகச் சிவந்திருந்தது. அதைப் பார்க்காமல் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் முதலில் ரேடியோ நின்றது. அப்புறம் காக்காய்ச் சத்தம் கேட்டது.

"மணல் தட்டிட்டு," என்றார் இன்னாசி.

உபதேசியார் கையை எடுத்தார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். சாவி திரும்பவில்லை. பிரகாசி சிலுவை போட்டுக்கொண்டாள்.

உபதேசியார் கம்பியைச் சுண்டிப் பார்த்தார். "சுருதிக்கு இன்னும் வரல. ஆனா எப்பவும் இப்படித்தான் தாயி. கரை தட்டினா நிறுத்திருவோம். பாட்டுக்காரப் பிள்ளைக அதுக்குத் தக்கன தாழ்த்திப் பாடிக்கிடும்."

"அப்ப நான் இறங்குதேன்," என்றது போன்.

"இறங்காதீய!" என்றாள் பிரகாசி. "உபதேசியாரே, இன்னும் கொஞ்சம் முறுக்குங்க."

"எதுக்கு பிள்ள? கரைக்குத்தான் வந்துட்டேனே."

"கரையில இறங்கினா டீக்கடை. டீக்கடைக்கு அங்கிட்டு சீட்டுக் கச்சேரி. எனக்குத் தெரியாதா? இவ்வளவு நேரம் பிடிச்சிருந்தது அதுக்கா?"

உபதேசியார் முறுக்கினார்.

விடிவெள்ளி மணலைத் தாண்டித் தெருவில் ஏறியது. டீக்கடையில் இருந்தவர்கள் பெஞ்சை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். இன்னாசி கிளாஸை மட்டும் எட்டி வாங்கிக்கொண்டார். வள்ளம் கோயில் படி ஏறி, நடுவழியாக வந்து, பீடத்துக்கு முன்னால் நின்றது. உபதேசியார் சுண்டினார். கம்பி சரியான சுருதியில் பேசியது.

இன்னாசி தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டு, சிலுவை வரைந்து, ஆண்கள் பக்கமாக இறங்கினார். சுற்றிக்கொண்டு வந்து பிரகாசியின் கையை விரித்துப் பார்த்தார். பாதி டீ மிச்சம் இருந்தது. அதை அவளிடம் கொடுத்தார். குடித்தாள்.

அந்த வாரமே மற்ற ஐந்து வீட்டுப் பெண்களும் வந்து தங்கள் கம்பிக்கும் புதுச் சாவி வேண்டும் என்று நின்றார்கள். இப்போது ஆறு வள்ளமும் சுருதி சேர்ந்து உள்ளே வந்து நிற்கின்றன. பூசையில் பாட்டு எடுப்பாக இருக்கிறதாம். நற்கருணை வாங்குகிறவர்கள் வள்ளங்களின் இந்தப் பக்கமாகப் போய் அந்தப் பக்கமாகத் திரும்புகிறார்கள். வள்ளங்களுக்குப் பின்னாலேயே கடலும் வந்துவிடுகிறது. அதற்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. அதனால் வாசற்படியிலேயே நின்று பூசை காண்கிறது. சந்தியாகு அதற்குச் சனிக்கிழமைதோறும் மந்திரங்கள் சொல்லிக் கொடுக்கிறார். பரலோக மந்திரத்தில் பாதி வந்துவிட்டது.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் செருப்பை மட்டும் படியில் கழற்றிப் போடாதீர்கள். கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள்.