தேங்காய்ப் பத்தையும் மூஞ்சூறும்

ஆவடி தொழிற்சாலை குவார்ட்டர்சில் எலிகளைக் கொல்லாமல் பிடித்து, கோவில்பதாகை ஏரிக்கரையில் விடுவதற்கென்றே 1988இல் ஒரு ஜீவகாருண்ய சங்கம் உண்டாயிற்று. தலைவர் ஃபோர்மேன் பார்த்தசாரதி. உறுப்பினர் பதினொரு பேர், பொறி ஒன்று. அதை வைப்பது வேம்புலியின் வேலை. சுத்த சைவ சங்கமாகையால் தேங்காய்ப் பத்தை தவிர வேறெதையும் உள்ளே வைக்கக் கூடாது.

தொடக்க விழாவன்று விடியற்காலையில் விழுந்திருந்தது எலியல்ல, மூஞ்சூறு. பார்த்தசாரதி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பிள்ளையார் வாகனத்தையே அனுப்பிட்டார்ப்பா!"

கம்பிக் கூண்டுக்குச் சாமந்தி மாலை சாத்தி, ஏரிக்கரைப் பந்தலில் மேசைமேல் வைத்தார்கள். விழா எட்டு மணிக்கு. சிறப்பு விருந்தினரான பெரிய அதிகாரி ஜானகிராமன் பத்தாகியும் வரவில்லை.

காலையில் கம்பிக்குக் கம்பி முட்டிக்கொண்டிருந்த ஜந்து, இப்போது மூலையில் ஒடுங்கி வெடவெடத்தது. தேங்காயை மோந்துகூடப் பார்க்கவில்லை. வேம்புலிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சார், தெறந்து வுட்ரலாம். இது பூச்சி புழு துன்ற ஜாதி. வவுறு காஞ்சா மத்தியானம் தாங்காது, பூடும்."

"விரதம் இருக்கும்ப்பா. யார் வாகனம்!"

"அதுக்கு ஏகாதசிலாம் தெரியாது சார்."

"அதிகாரி வராம கதவைத் தொட்டே, சங்கத்துல நீ இல்ல."

மூஞ்சூறு பக்கவாட்டில் சாய்ந்தது. வேம்புலி பந்தலுக்குப் பின்னால் போய், சைக்கிளில் மாட்டியிருந்த சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தான். பெண்சாதி அங்கம்மா வறுத்துக் கொடுத்த நெத்திலிக் கருவாட்டை ஒரு கைப்பிடி எடுத்துவந்து, மாலையைச் சரிசெய்கிறவன் போல் கம்பி இடுக்கில் ஒவ்வொன்றாகச் செருகினான்.

"துன்னு நைனா. எவனும் பாக்கல."

முதலில் மூக்கு மட்டும் அசைந்தது. கால்மணி நேரத்தில் மூஞ்சூறு எழுந்து நின்றது.

"பாத்தியா!" என்றார் பார்த்தசாரதி. "தேங்காய்க்கு உள்ள தெம்பு எதுக்குமில்ல."

அதிகாரி வந்தார். புலால் மறுத்தல் பற்றிப் பார்த்தசாரதி நாற்பது நிமிடம் பேசினார். கூண்டைத் தரையில் இறக்கி, கைதட்டலுக்கு நடுவே அதிகாரி கதவைத் தூக்கினார். மூஞ்சூறு வெளியே வந்தது, வாயில் நெத்திலி. ஓடவில்லை. அதிகாரியின் பளபளக்கும் பூட்சுக்கு முன்னால் உட்கார்ந்து, நிதானமாக மெல்லத் தொடங்கியது. பந்தல் முழுக்கக் கருவாட்டு வாடை. பிள்ளையார் வாகனத்தை யார் விரட்டுவது? பதினொரு பேரும் கைகூப்பியபடி நின்றார்கள்.

"சார், எடுத்துரட்டுமா?" என்று போட்டோக்காரர் கேட்டார்.

பார்த்தசாரதி பல்லைக் கடித்தார். "இருப்பா. அது வாயைத் துடைச்சுக்கட்டும்."