சாந்தோ கடைசியாகக் கேட்ட இடம்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணிலாவில், மகாத்தியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் ரோவெனாவுக்குப் பக்கத்து மேசை என்னுடையது. அவள் அண்ணன் க்ரிசாந்தோவை அடக்கம் செய்துவிட்டு வேலைக்குத் திரும்பிய முதல் நாள், பையைக்கூடக் கீழே வைக்காமல் என்னிடம் வந்து நின்றாள்.

"அக்கா, நல்ல சரித்திர பாட்காஸ்ட் ஏதாவது தெரியுமா? வேன்ல கேக்கறதுக்கு."

ஆறுதல் சொல்ல நான்கு வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை. எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று பெயர்களைச் சொன்னேன்.

"அதெல்லாம் அண்ணன் கேட்டுட்டுத் தள்ளினது" என்றாள். "வேற சொல்லுங்க."

எனக்கு வேறு தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "கவீத்தேயிலிருந்து வரும் சாலையில் வண்டிகள் எறும்புகளைப் போல—"

அடித்துவிட்டேன். எறும்பாவது நகரும்.

இரண்டாவது தொடக்கம்: "வரலாறு என்பது இறந்தவர்கள் நம்மோடு பேசுகிற—"

இதையும் அடித்தேன். இப்படி ஆரம்பிக்கும் பாட்காஸ்டை அந்த வாக்கியம் முடிவதற்குள் சாந்தோ நிறுத்திவிடுவான். (எல்லோரும் அவனைச் சாந்தோ என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.) தேர்ந்தெடுப்பதில் அவனுக்குக் கறாரான விதிகள் இருந்தன. பேசுகிறவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தால் வேண்டாம். வாள் மோதுகிற சத்தம் போட்டால் வேண்டாம். இரண்டு பேர் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிட்டோம் என்று ஆரம்பித்தால் கட்டாயம் வேண்டாம். "இது எங்களுக்குத் தெரியவில்லை" என்று ஒரு தடவையாவது யாராவது ஒத்துக்கொண்டால் மட்டும் மேற்கொண்டு கேட்பான்.

அப்படித் தேடித் தேடிக் கண்டுபிடித்ததுதான் அந்தக் கப்பல் தொடர். மணிலாவிலிருந்து பட்டும் பீங்கானும் ஏற்றிக்கொண்டு பசிபிக்கைக் கடக்கப் போன பழைய பாய்மரக் கப்பல்களில் ஒன்றைப் பற்றியது.

(கப்பலின் பெயரை நான் சொல்லமாட்டேன். சொன்னால் உடனே தேடிப் பார்ப்பீர்கள். ரோவெனாவும் ஒருமுறை தேடப் போனாளாம். சாந்தோ போனைப் பிடுங்கிக்கொண்டான். "சரித்திரந்தானே அண்ணே, எப்பவோ முடிஞ்சுபோனது" என்றாளாம் அவள். "கப்பலுக்கு முடிஞ்சுபோச்சு. நமக்கு இன்னும் நடுக்கடல்தான்" என்றானாம்.)

3

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். மணிலாவுக்கு வெளியே, கவீத்தேயில் இருக்கும் பகூரில் அம்மா புரிங்கின் வீட்டில் மூன்று பேர்: அம்மா, கல்யாணமாகாத அண்ணன், புருஷனை விட்டு வந்துவிட்ட தங்கை. அண்ணனுக்கும் தங்கைக்கும் வேலை மகாத்தியில். காலையும் மாலையும் ஒரே வேன், பக்கத்துப் பக்கத்து இருக்கை, இரண்டு பேருக்கும் ஒரே இயர்போன். வலது பக்கம் கரகரக்கும். அதனால் இடது பக்கம் எப்போதும் அண்ணனுக்கு.

ஆனால் வேன் நகர ஆரம்பித்ததும் சாந்தோ தூங்கிவிடுவான். அவன் எழுந்ததும் தினமும் இதுதான் நடக்கும்:

"எதுவரைக்கும் கேட்டே?"

"கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

"குறட்டை விட்டுக்கிட்டா?"

"கண்ண மூடிட்டுக் கேட்டேன்டி வெங். கப்பல்ல குடிதண்ணி தீந்துபோச்சு. அதுவரைக்கும்."

"அட தூங்குமூஞ்சி, அது நேத்து!"

(வெங் என்பது வீட்டில் ரோவெனாவின் செல்லப்பெயர்.) திட்டிக்கொண்டே அந்த இடத்துக்குப் பின்னால் தள்ளி மறுபடியும் போடுவாள். ஒருவர் விட்ட இடத்திலிருந்துதான் இருவரும் கேட்க வேண்டும். யாரும் வகுக்காத சட்டம் அது, ஆனால் மீறியதில்லை. கப்பலின் குடிதண்ணீர் இவர்களுக்கு மட்டும் ஐந்தாறு தடவை தீர்ந்திருக்கும்.

4

முதல் பிரதியில் சாந்தோவை ரொம்ப நல்லவனாக எழுதியிருந்தேன். செத்துப்போனவர்களை எழுதும்போது கை தானாக அப்படிப் போய்விடுகிறது. ரோவெனாவிடம் படித்துக் காட்டினேன்.

"யாரு அக்கா இது?" என்றாள்.

"உங்க அண்ணன்."

"இவனா? மூடின வேனுக்குள்ள உக்காந்து சிச்சரோன் தின்பான் அக்கா. அந்தப் பன்றித்தோல் வறுவல் கடிக்கிற சத்தத்துல டிரைவரே திரும்பிப் பாப்பாரு. அதோட வினிகர் வேற. என் பாவாடையில கொட்டிட்டு, 'ஜன்னலத் திற, நாறுது'ன்னு என்னையே சொல்லுவான். அத எழுதுங்க."

எழுதிவிட்டேன். அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் கழிப்பறைக்குப் போனாள், வெகுநேரம் வரவில்லை.

5

இந்தப் பகுதியை எழுத எனக்கு விருப்பமில்லை.

தொடரில் கடைசிக்கு முந்தைய பகுதி அன்று ஓடிக்கொண்டிருந்தது. சாயங்கால மழை, கடலோரச் சாலையில் வேன் நின்றுபோயிருந்தது. சாந்தோ வழக்கம்போல் தூங்கி, தலையை அவள் தோளில் சாய்த்தான். கனமாக இருந்தது. தூங்கட்டும், பிறகு பின்னால் தள்ளிக்கொள்ளலாம் என்று அவள் முழுவதையும் கேட்டு முடித்தாள். பகூரில் எல்லோரும் இறங்கினார்கள். அவள் அவன் கன்னத்தைத் தட்டி, "எதுவரைக்கும் கேட்டே?" என்று

(இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் முடியவில்லை. அப்படியே விட்டுவிடுகிறேன்.)

மாரடைப்பு என்றார்கள். இதயம் எப்போது நின்றது என்று மருத்துவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

6

இந்த ஊரில், அடக்கம் வரை உடலை வைத்திருக்கும் சவக்கூடத்திலிருந்து கிளம்பினால் யாரும் நேராக வீட்டுக்குப் போவதில்லை. வழியில் எங்காவது இறங்கி நிற்க வேண்டும். இல்லையென்றால் இறந்தவர் கூடவே வீட்டுக்கு வந்துவிடுவார். இருபது வருஷமாக இங்கே இருக்கிறேன், நானும் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அடக்கத்துக்கு முன் ஒரு மதியம், குளித்து உடை மாற்றுவதற்காக ரோவெனாவை என் காரில் கூட்டிப் போனபோது, எல்லோரையும் போல டோனட் கடை முன்னால் வண்டியை நிறுத்தினேன்.

அவள் இறங்கவில்லை.

"ஒரு காப்பி குடிச்சிட்டுப் போகலாம் வா."

"வேணாம் அக்கா. நேரா வீட்டுக்குப் போங்க."

"ரோவெனா, உனக்குத் தெரியாததா?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

பின்கண்ணாடியில் பார்த்தேன். பின் இருக்கையில் ஓர் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு. நான் வண்டியை எடுத்தேன். அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, நான் மட்டும் திரும்பி வந்து அந்தக் கடையில் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

7

அம்மா புரிங்குக்கு இது தெரிந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"நான் பேக்கரி வாசல்ல நின்னு வேணாத ரொட்டியெல்லாம் வாங்கிட்டு வர்றேன். நீ நேரா வந்து இறங்கினியா? பாவி, அவனக் கூட்டிட்டு வந்துட்டியே!"

"வரட்டும்மா. அவன் வீடுதானே."

"நாப்பது நாளுக்கு மேல இங்கயே சுத்திட்டிருந்தா அவன் கதி என்ன ஆகறது? போக வேண்டியவன்டி. எதுக்காக நிக்கிறான்?"

"கப்பல் என்னாச்சுன்னு தெரியாம போகமாட்டான்."

கிழவி மகளைப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். "அப்ப நாப்பதாம் நாள் அந்தக் கடைசிய நீயே போட்டுக் காட்டு. கேட்டுட்டு நிம்மதியாப் போகட்டும்."

"எப்படிம்மா போடறது? முந்தினதுலயே பாதில தூங்கிட்டான். எதுவரைக்கும் கேட்டான்னு தெரியலயே."

"அவன் தூங்கலடி" என்றாள் அம்மா.



8

நான் யோசித்து வைத்திருந்த முடிவுகள்:

அவள் கடைசிப் பகுதியைப் போடுகிறாள். கப்பல் கரை சேர்கிறது, அல்லது சேரவில்லை. அண்ணன் போய்விடுகிறான். இது அம்மா கேட்கும் முடிவு. இதை எழுதினால் நாளைக் காலை அந்த வேனில் ரோவெனாவுக்குப் பக்கத்தில் நிஜமாகவே யாரும் இருக்கமாட்டார்கள்.

அவள் போடவே இல்லை. வேறு பாட்காஸ்டுகளாகத் தேடித் தேடிக் கேட்கிறாள். கப்பல் நடுக்கடலிலேயே நிற்கிறது, அண்ணன் வீட்டிலேயே நிற்கிறான். எனக்கு இதுதான் பிடித்திருந்தது. அம்மா புரிங்கின் முகம் நினைவுக்கு வந்ததும் பிடிக்காமல் போனது.

மூன்றாவதாக ஒன்று எழுதினேன். அதில் யாரோ கதவைத் தட்டு—

வேண்டாம். மலிவு.

9

நாற்பதாம் நாள் மதியம் ஜெபமாலை முடிந்து விருந்தாளிகள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். அம்மா, ரோவெனா, நான் மட்டும் மிச்சம். மேசையில் சாந்தோவுக்கென்று ஒரு தட்டு: சோறு, அடோபோ இறைச்சிக் குழம்பு, ஒரு கை சிச்சரோன், கிண்ணத்தில் வினிகர். ரோவெனா வலது இயர்போனைத் தன் காதில் மாட்டிக்கொண்டாள். இடது பக்கத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

முந்தைய பகுதியைத் திறந்து விரலால் பின்னால் தள்ளினாள். புயல் அடிக்கிற இடம். இன்னும் தள்ளினாள். மாலுமிகள் பாயை அறுக்கிற இடம். மறுபடி முன்னால் வந்தாள். "இங்க சிரிச்ச மாதிரி இருந்துச்சு" என்றாள். "இல்ல, அது வேன் குலுங்கினது."

பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானே அக்கா கதை எழுதறவங்க. சொல்லுங்க, எங்கேர்ந்து போடட்டும்?"

இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. சாந்தோ இதைக் கேட்டிருந்தால் என் கதையை மேற்கொண்டு கேட்டிருப்பானோ என்னவோ.

ரோவெனா தட்டின் பக்கம் குனிந்தாள். தினமும் கேட்கிற அதே எரிச்சலான குரலில் கேட்டாள்: "அண்ணே, எதுவரைக்கும் கேட்டே?"

அம்மா புரிங் எழுந்து மின்விசிறியை அணைத்தாள், சத்தம் இல்லாமல் இருக்கட்டும் என்று. நாங்கள் மூன்று பேரும் பதிலுக்காகக் காத்திருந்தோம்.

நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். அவள் விரல் இன்னும் திரைக்கு மேல்தான் இருக்கிறது. எங்கிருந்து என்று உங்களுக்குத் தெரிந்தால், நீங்கள் போடுங்கள்.