குசினிப் படி ஏறாத தண்ணீர்

நாலாவது மீனும் செத்து மிதந்த அன்று வீரபாகுவுக்கு ஒரு விஷயம் மட்டும் நன்றாக விளங்கியது. தனக்கு ஒன்றுமே விளங்கவில்லை என்பதுதான் அது.

மீன்கள் அவருடையவை அல்ல, தம்பி கனகலிங்கத்தினுடையவை. கலியாணம் கட்டாமல் அண்ணன் வீட்டு முன்னறையிலேயே இருந்துவிட்டவன் அவன். வவுனியாவில் ஏழு ஆபிரிக்க சிக்லிட் மீன்களை வாங்கிவந்து கண்ணாடித் தொட்டியில் விட்டு, பிள்ளை வளர்ப்பது மாதிரி வளர்த்தான். பிறகு கிட்னி பழுதாகி, வாரத்துக்கு இரண்டு தரம் ஒட்டுசுட்டானில் பஸ் ஏறி இரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்தான். போன வருடம் ஒரு நாள் போகும்போது, "அண்ணை, மீனைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றான். அந்த முறை உயிரோடு திரும்பி வரவில்லை.

கிணற்றுத் தண்ணீர்தான் அவனைத் தின்றது என்று வீரபாகு தீர்ப்புச் சொல்லிவிட்டார். டொக்டர்மார் என்னவோ காரணம் சரியாகத் தெரியாது என்றுதான் சொன்னார்கள். ஆனால் காரணம் தெரியாத ஒரு சாவை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்வது? தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தலின் அடியில் படிந்திருந்த வெள்ளைக் கல்லைச் சுரண்டி எடுத்து, செத்தவீட்டுக்கு வந்தவர்களிடம் காட்டினார். "இதுதான் என்ரை தம்பியின்ரை உடம்பிலை படிஞ்சது" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. செத்தவீட்டில் யார் மறுத்துப் பேசுவார்கள்?

உண்மையில் தம்பி நோயில் கிடந்த நாளிலேயே வீட்டில் சட்டம் வந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீர் குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் மட்டும்தான். சமைக்கிற குசினிப் படி ஏறக்கூடாது. சோற்றுக்கும் தேத்தண்ணிக்கும் நாயின் சட்டிக்கும் சந்தியில் விற்கிற பில்டர் தண்ணீர். மோட்டார்சைக்கிளில் பிளாஸ்டிக் கான் கட்டிக் கொண்டுவருவார். தம்பி போனபிறகு அவனுடைய மீன்களுக்கும் அதே தண்ணீர்தான். தனக்கு ஒரு கான் என்றால் அவற்றுக்கு இரண்டு.

அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்த மீன்களுக்குத்தான் நோய் வந்தது. முதலில் நிறம் வெளிறியது. பிறகு செட்டைகளை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு மூலையில் கிடந்தன. தீனி போட்டால் திரும்பியும் பார்ப்பதில்லை. குளிராக்கும் என்று ஒருவர் சொன்னார்; வீரபாகு தொட்டிக்கு மேலே பல்ப் கட்டினார். பூச்சியாக்கும் என்றார் இன்னொருவர், உப்புப் போட்டார். மஞ்சள் கரைத்தார், வேப்பிலை போட்டார், நீல மருந்து விட்டார். ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுப் பில்டர் தண்ணீர் ஊற்றினார். அநேகமாக ஊற்றி இரண்டு நாளில் ஒன்று செத்தது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நாலு மீனைக் கொன்ற வீரபாகுவை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

மிச்சம் மூன்று. அதில் பெரிய நீலம் தம்பியின் செல்லம், அவன் விரலைக் கண்டால் கண்ணாடியோடு வந்து ஒட்டிக்கொள்ளும். அது இப்போது சரிந்து கிடந்து மூச்சு வாங்கியது. அதுவும் போனால் தம்பி இரண்டாம் தரம் சாவான் என்று வீரபாகுவுக்குப் பட்டது. மனம் கேட்கவில்லை. தொட்டித் தண்ணீரில் ஒரு போத்தல் எடுத்துக்கொண்டு வவுனியாவுக்குப் போனார். எல்லாம் ஆஸ்பத்திரிப் பழக்கம்தான். நோயென்றால் போத்தலில் எதையாவது கொண்டுபோக வேண்டும்.

வளர்ப்பு மீன் கடை வைத்திருந்த றாபியா போத்தலைக் கண்டதும் சிரிக்கவில்லை. சின்னக் குப்பியில் கொஞ்சம் ஊற்றி, மூன்று துளி மருந்து விட்டுக் குலுக்கினாள். தண்ணீர் மஞ்சளானது.

"இது நீலமா வரவேணும் அண்ணன். எந்தத் தண்ணி ஊத்துறீங்க?"

"நாங்கள் குடிக்கிற பில்டர் தண்ணி, தங்கச்சி. சுத்தமான தண்ணி." அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அதுதான் பிரச்சினை. அதில ஒண்டுமே இல்ல. இது கல்லுத் தண்ணியில சீவிக்கிற சாதி. சுண்ணாம்பு இல்லாட்டி தண்ணி புளிச்சுப்போகும், மூச்செடுக்க ஏலாது. மற்றபடி நீங்க சொன்னதைப் பாத்தா உங்கட மீனுக்கு நோய் இருக்கிறமாதிரித் தெரியேல்ல." அவள் குப்பியைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "உங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணி கேத்தல்ல படியுமா?"

வீரபாகு போத்தலின் மூடியை இறுக்கித் திருகினார். "படியும்" என்றார்.

"அதுதான் மருந்து. ஒரேயடியா ஊத்திப்போடாதீங்க, அதிலயும் செத்துப்போகும். ஒரு நாளைக்கு ரெண்டு செம்பு, அவ்வளவுதான்."

வீடு வரும் வழியெல்லாம் அவர் றாபியாவோடு மனதுக்குள் சண்டை பிடித்தார். என்ரை தம்பியைக் கொன்ற தண்ணி மீனுக்கு மருந்தாம். நல்ல கதை. இவளுக்கு என்ன தெரியும்? ஆனால் குப்பியில் தெரிந்த மஞ்சள் நிறம் கண்ணை விட்டுப் போகவில்லை.

மனைவி அன்னபாக்கியத்திடம் சொன்னபோது அவள் வியப்படையவில்லை.

"தம்பி கடைசிமட்டும், நீங்கள் இல்லாத நேரம் பாத்து, கிணத்துத் தண்ணிதானே அள்ளி ஊத்தினவர்" என்றாள்.

"இதை ஏன் நீ முந்திச் சொல்லேல்லை?"

"உங்களிட்டைக் கிணத்துக் கதை கதைக்க ஏலுமே?"

அது உண்மைதான். கிணறு என்றாலே எழும்பிப் போய்விடுகிற மனிதரிடம் யார் என்ன சொல்வது? அன்று பின்னேரம் அவரே வாளியில் அள்ளினார். வாசலில் கால் பின்னுக்கு இழுத்தது. தம்பிக்குத் துரோகம் செய்கிறோமா, அவன் சொன்னதைச் செய்கிறோமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு செம்பு ஊற்றினார். மீன் சாகவில்லை. அடுத்த நாளும் இரண்டு செம்பு. அதற்கடுத்த நாளும்.

ஆறாம் நாள் நீலம் செட்டையை விரித்தது. ஒன்பதாம் நாள் தீனிக்கு மேலே வந்து, மற்ற இரண்டையும் தொட்டி முழுக்கத் துரத்தியது. பழைய நிறம், பழைய குணம். அன்னபாக்கியம் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தாள். வீரபாகு சிரிக்கவில்லை. கதிரையில் இருந்தபடி மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, சந்தோசமில்லையே?"

"அப்ப அவன் எதாலை செத்தவன் பாக்கியம்?"

"எனக்கெப்பிடித் தெரியும்? டொக்டருக்கே தெரியேல்லை."

"தண்ணியாலை இருக்கலாம்."

"இருக்கலாம்."

"இல்லாமலும் இருக்கலாம்."

அவள் தேத்தண்ணியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் இதுவரை அவளிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"கடைசிக் கிழமை அவன் என்னட்டைக் கிணத்துத் தண்ணி கேட்டவன். பில்டர் தண்ணி வாய்க்குள்ளை ஒண்டுமில்லாத மாதிரிக் கிடக்கு, ஒரு மிடறு தாங்கோ அண்ணை எண்டான். நான் குடுக்கேல்லை."

"டொக்டர்தானே தண்ணியைக் குறைக்கச் சொன்னவர்."

"எவ்வளவு எண்டு சொன்னவர். எந்தத் தண்ணி எண்டு சொல்லேல்லை. அது நான் சொன்னது."

"குடுத்திருந்தாலும் போயிருப்பார்" என்றாள் அவள்.

"போயிருப்பான்" என்றார் வீரபாகு. "தாகத்தோடை போயிருக்கமாட்டான்."