கெட்டி

"அப்பாவோட ஹார்ட் ஸ்கேன் ஃபைலைக் குடுங்க பெரியப்பா."

கேட்கவே கூடாது என்று அம்மா, அப்பா செத்ததிலிருந்து எட்டு வருஷமாக என் வாயை அடைத்து வைத்திருந்தாள். தறியில் இருந்த குப்புசாமி பெரியப்பா தலையைத் தூக்கவில்லை. மிதித்துக்கொண்டிருந்த கால் மட்டும் நின்றது.

"இப்ப இன்னாத்துக்குமா அது?"

"மஹாவுக்கு."

என் தங்கை மஹாலட்சுமி போன திங்கட்கிழமை ஐயம்பேட்டையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவள், படியில் கால் வைக்கும் முன்பே சுருண்டு விழுந்தாள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று செத்திருக்கிறார்களா என்பதுதான். அப்பா சாகும்போது அவருக்கு நாற்பத்தொன்று.

"வெறும் வயித்தோட ஓடியிருப்பா. அடுத்த மாசம் முகூர்த்தம் வச்சிக்கினு ஹார்ட்டு கீர்ட்டுன்னு கிளப்பிவுடாத. மாப்ள வூட்டுக்காரன் தட்டத் திருப்பி அனுப்பிடுவான். உங்கப்பன் ஹார்ட்டுக்கு இன்னா கொறச்சல்? டாக்டரே கெட்டியா இருக்குதுன்னாரு."

எங்கள் தெருவில் கெட்டி என்பது பாராட்டு. புடவையைக் கையில் தூக்கிப் பார்த்துக் கெட்டி என்று ஒருவர் சொல்லிவிட்டால் நெய்தவனுக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம். இதயச் சுவர் கெட்டி என்று டாக்டர் சொன்னதும் அப்பா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து மாத்திரைகளைப் பரணில் போட்டார். அதை நான் நம்புகிறேன். டாக்டரிடம் கூடப்போன பெரியப்பாவைத்தான் நம்ப முடியவில்லை. தினமும் சுகர் மாத்திரை என்று ஒன்றை விழுங்கிவிட்டு மைசூர்பாகு தின்கிற ஆள்.

"கெட்டின்னா நல்லதில்ல பெரியப்பா. ஹார்ட் தசைக்குள்ள மயோசின்னு ஒரு புரதம் இழை இழையா அடுக்கி நிக்குது. பக்கத்து இழையப் புடிச்சி இழுக்கும், அப்புறம் வுடும். அதான் துடிப்பு. அது பொறப்புலயே பிசகியிருந்தா இழுக்கும், சரியா வுடாது. சுவரு தடிச்சிக்கினே போவும். நாரெல்லாம் வரிசை கலைஞ்சி சிக்கிக்கும். அப்பன்கிட்டயிருந்து புள்ளைக்கு வர பாதிக்குப் பாதி சான்ஸ்."

"வந்துட்டா பெரிய டாக்டரு! நீயே படிச்சிப் பாரு. கெட்டின்னுதான் போட்டிருக்கும்."

பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் மடியில் எறிந்துவிட்டு மறுபடி தறியில் உட்கார்ந்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. உள்ளே இரண்டு ரிப்போர்ட் இருந்தன.

முதலாவது அப்பாவுடையது. சுவர் இருபத்து நாலு மில்லிமீட்டர். பாதிதான் இருக்க வேண்டும்.

இரண்டாவதில் பெயர் குப்புசாமி. பத்தொன்பது மில்லிமீட்டர். தேதி, அப்பாவின் கருமாதிக்கு மறுநாள். பின்னால் ஹார்ட் மாத்திரைக்கான மருந்துச் சீட்டு.

"உன் சுகர் மாத்திரை பேரு இதுல எழுதியிருக்குது," என்றேன். அவரை நீ என்றது அன்றைக்குத்தான்.

பெரியப்பா ஊடைநூல் ஓட்டும் நாடாவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"ஜோதிகாவுக்குத் தெரியுமா?"

ஜோதிகா அவர் மகள். போன வருஷம் கட்டிக்கொடுத்தது. இப்போது ஆறு மாசம்.

"வயித்துப் புள்ளக்காரிமா அவ," என்றார். குரல் இறங்கியிருந்தது. "சொல்லிடாத. எப்படியோ வாழ்ந்துக்கினு இருக்கா, வாழட்டும்."

"எங்கப்பனும் அப்படித்தான் வாழ்ந்துக்கினு இருந்தாரு."

இரண்டு ரிப்போர்ட்டையும் பையில் வைத்தேன். "ஒண்ணு என்னுதும்மா, குடுத்துட்டுப் போ," என்று எழுந்து வந்தார். கொடுக்கவில்லை. அவருடையது ஜோதிகாவின் டாக்டருக்கு, அப்பாவுடையது மஹாவின் டாக்டருக்கு. தட்டு திரும்பி வந்தால் வரட்டும்.

செருப்பை மாட்டும்போதே ஜோதிகாவுக்கு ரிங் போக ஆரம்பித்துவிட்டது. தெருவில் இறங்கினேன்.