பகலில் தெரியாத தீ

உள்ளங்கையில் அடங்கும் குப்பியாக இருந்தவரை ராலிட்சாவுக்கு அதைக் கண்டு பயம் வந்ததில்லை. வெயில் தரும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, கிடைக்கும் ஹைட்ரஜனை ஓர் உலோகத் தூளுக்குள் உறிஞ்ச வைப்பாள். வேண்டும்போது திரும்ப எடுத்து எரிப்பாள். தலைநகர் சோஃபியாவில் இருந்த ஆய்வுக்கூடத்தில் ஆண்டுக்கணக்காக அது சொன்ன பேச்சைக் கேட்டது. இப்போது அதே தூள் ஆளுயரத் தொட்டியில், ரோடோபி மலையில், ஸ்லாட்காவின் தயிர்க் கொட்டகைச் சுவரோரம் நின்றது. ஸ்லாட்காதான் முதல் வாடிக்கையாளர். மறுநாள் முதலீட்டாளர்கள் பார்க்க வருவதாக இருந்தது.

காலையிலிருந்து தொட்டியின் சூடு ஏறிக்கொண்டே போனது. வாயுவை உறிஞ்சும்போது தூள் சூடாகும். குப்பியில் அந்தச் சூடு தானே வெளியேறிவிடும். இவ்வளவு பருமனில் உள்ளேயே தங்கிவிட்டது.

"நிரப்புறதை நிறுத்திடலாம், பிளாமென்," என்றாள்.

இருவரும் சேர்ந்து நடத்திய நிறுவனத்தில் வியாபாரப் பேச்செல்லாம் பிளாமெனுடையது. "பாதித் தொட்டியைக் காட்டி யாரை நம்ப வைக்கிறது? உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். உன் கல்யாணத்தன்னிக்கு மோதிரம் தொலைஞ்சிடும்னு வாயில அடக்கிக்கிட்டவதானே நீ!"

அவள் சிரித்துவிட்டாள். நிரப்புவதை நிறுத்தவில்லை.

மதியத்துக்கு மேல் சீறல் கேட்டது. அழுத்தம் தாங்காமல் தொட்டியின் காப்பு வால்வு திறந்திருந்தது. வாயு கூரைக்கு மேலே போயிருக்க வேண்டும். ஆனால் குழாய் வாயைப் பனி அடைத்திருந்ததால் கொட்டகைக் கதவருகே ஓர் இணைப்பு பிய்த்துக்கொண்டது. ராலிட்சா பார்த்தாள். வெயிலைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. ஆனால் கதவுச் சட்டத்தின் சாயம் கொப்பளித்தது. கசிந்த வாயு பற்றிக்கொண்டுவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. ஹைட்ரஜன் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது.

உள்ளிருந்து ஸ்லாட்கா பால் கேனை உருட்டி வரும் சத்தம்.

"வராதீங்க அக்கா! அங்கயே நில்லுங்க!"

"எதுக்குடி கத்தற? வேலை கெடக்கு, வழியை விடு!"

"வாசல்ல நெருப்பு!"

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே!" ஸ்லாட்கா இன்னும் ஓரடி வைத்தாள்.

பனி தள்ளும் துடைப்பத்தை எடுத்து ராலிட்சா கதவுப் பக்கம் நீட்டினாள். வெறும் காற்றில் அதன் நுனி பற்றி எரிந்தது. ஸ்லாட்கா கேனை விட்டுவிட்டு அலறியபடி பின்பக்க ஜன்னல் வழியே குதித்தாள்.

"வாயு வர்ற வழியை மூடிட்டேன்!" என்று பிளாமென் கத்தினான்.

"போதாது! தொட்டி மேல தண்ணி அடி! சூடு இறங்கினாத்தான் நிக்கும்!"

அவன் அவசரத்தில் அடித்ததில் பாதித் தண்ணீர் அவள் மேலேயே விழுந்தது. சீறல் மெலிந்து, அடங்கியது. அதற்குப் பிறகும் இருட்டும்வரை கதவருகே போக யாருக்கும் துணிவில்லை.

"நாளைக்கு வாயைத் திறக்காதே. கதவுச் சட்டத்துக்குச் சாயம் அடிச்சிடலாம்," என்றான் பிளாமென்.

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, ஊற்றிக் கொடுத்த ரகியாச் சாராயத்தைக் குடிக்காமல் பிடித்திருந்தாள் ஸ்லாட்கா. ராலிட்சா அவளையே பார்த்தாள். "சொல்லத்தான் போறேன்."

மறுநாள் முதலீட்டாளர்களிடம் சொன்னாள். வந்தவர்கள் காபியைக்கூடத் தொடாமல் கிளம்பினார்கள்.

"உன்மேல கோபமில்ல," என்றாள் ஸ்லாட்கா. "ஆனா அந்தச் சனியனை என் வாசலுக்கு மறுபடி கொண்டுவராதே."

பிளாமென் நிறுவனத்தைவிட்டு விலகிப்போனான். ராலிட்சா தொட்டிக்குள் குளிர்நீர்க் குழாய்களைப் பதித்து, கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் ஒரு வருஷத்துக்கும் மேலாக ஓட்டிப் பார்த்தாள். அதன் பிறகே வெலின்கிராடில் ஒரு விடுதிக்கு விற்றாள்.

"ராத்திரி இதுக்குக் காவல் வேணுமா?" என்று விடுதி மேலாளர் கேட்டார்.

"வேண்டாம், பயப்பட ஒண்ணுமில்ல," என்றாள். ஆனால் ஊர் திரும்பாமல் அந்தக் குளிர்காலம் முடியும்வரை அங்கேயே அறை எடுத்துத் தங்கினாள்.