முப்பத்தோராம் இதழுக்கு ஒரு திருத்தம்

"எங்க அம்மா பேரைப் போடுங்க."

கேட்டுவிட்டேன். இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா என்னிடம் இரண்டு முறை சத்தியம் வாங்கியிருந்தாள். மேடிசனுக்குக் கல்லூரிக்குக் கிளம்பிய அன்று ஒரு முறை. படித்து முடித்து, எங்கள் மாவட்ட நூலகத்தில் பழைய பத்திரிகைகளுக்குப் பட்டியல் போடும் வேலையில் சேர்ந்த அன்று இன்னொரு முறை.

ஓர்வில் டெக்கர் காபிக் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. எழுபத்தாறு வயது. வெள்ளைத் தாடி, பச்சைத் தொப்பி. எண்பதுகளில் தொடங்கி 'கல் விளக்கு' பத்திரிகையைப் பதினோரு வருடம் நடத்தியவர். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, நிலவறைக் கதைகளுக்குள் இறங்குகிற கூட்டத்துக்கு அந்தப் பத்திரிகைதான் வேதம். வருடா வருடம் மார்ச்சில் இந்த ஏரிக்கரை விடுதியில் அந்தக் கூட்டம் கூடும். அவரை எல்லோரும் 'கருணை இல்லாத டெக்கர்' என்பார்கள். செல்லமாகத்தான்.

அந்தப் பட்டம் வந்தது முப்பத்தோராம் இதழில் வெளியான 'உப்புக் கோபுரம்' என்ற ஆட்டத்தால். ஒரு வரைபடம், அறைக்கு அறை குறிப்பு. கதை நடத்துகிறவர் குறிப்பைப் படிப்பார், மற்றவர்கள் கற்பனையில் ஒவ்வோர் அறையாக நுழைவார்கள். பதினாறாம் அறையில் கதவு விழுந்து அடைத்துக்கொள்ளும், தண்ணீர் ஏறும். ஒரே வழி பதினேழாம் அறை. வரைபடத்தில் பதினேழு இருக்கிறது. குறிப்பில் இல்லை. 'கல் விளக்கு' ஒவ்வொரு இதழின் அட்டையிலும் ஒரு வரி போடும்: அச்சில் இருப்பதே சட்டம். குறிப்பு அச்சில் இல்லாத அறைக்குள் எப்படி நுழைவது? நாற்பது வருடமாக அந்தக் கோபுரத்துக்குள் போன அத்தனை பேரும் பதினாறாம் அறையில் மூழ்கிச் செத்தார்கள். செத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். பதினேழு என்று அச்சிட்ட பனியன் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். டெக்கர் மேடையேறி, அங்கே ஒன்றும் இல்லை, வாழ்க்கையும் அப்படித்தான் என்று சொல்வார். எழுந்து நின்று கை தட்டுவார்கள்.

அதை எழுதியது அவர் இல்லை. ஆர்லிஸ் குபியாக். என் அம்மா. பத்தொன்பது வயதில், பட்டாணியை டப்பாவில் அடைக்கும் ஆலையில் நின்றபடி யோசித்து, வீட்டில் இரவல் தட்டச்சு இயந்திரத்தில் அடித்தது. மொத்தம் பன்னிரண்டு பக்கம். பன்னிரண்டாம் பக்கத்தில் தக்காளி சூப் கொட்டிவிட்டது. திருப்பி அடித்து அனுப்புகிறேன் என்று எழுதி, பதினோரு பக்கத்தைத் தபாலில் போட்டாள். அவள் அதைத் திருப்பி அடிப்பதற்குள் இதழே வந்துவிட்டது. எழுதியவர்: ஓர்வில் டெக்கர். அம்மா அந்தக் கடைசிப் பக்கத்தை அனுப்பவே இல்லை. நாற்பது வருடம் அவள் எடுத்த பழி அவ்வளவுதான்.

இதெல்லாம் அவள் சொல்லி எனக்குத் தெரியும். நிரூபிக்க வழியில்லாமல் இருந்தது. போன இலையுதிர் காலத்தில் டெக்கரே வழி செய்துகொடுத்தார். தன் பழைய பத்திரிகைகளையும் அலுவலகக் காகிதங்களையும் முப்பத்தெட்டு பெட்டிகளில் எங்கள் நூலகத்துக்குத் தானம் தந்தார். செய்தித்தாளில் படமெல்லாம் வந்தது. பெட்டிகளை அவர் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். நான் பார்த்தேன். ஒன்பதாவது பெட்டியில் பதினோரு பக்கம் இருந்தது, ஆலை வேலையைப் பற்றியும் எழுதியிருந்த அம்மாவின் கடிதத்தோடு. முதல் பக்கத்தின் மூலையில் அவள் பெயர், அதன்மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. அடித்துவிட்டுப் பக்கத்திலேயே தன் பெயரை எழுதியிருந்தார். நல்ல கையெழுத்து.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் அடுப்பங்கரை இழுப்பறையிலிருந்து அந்தச் சூப்புக் கறைப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"என்ன வேணா செய்யி. ஆனா அந்த ஆள்கிட்ட கேக்காத. கேட்டா கையேந்தி நிக்கிற மாதிரி ஆயிடும்டி."

நான் படித்தவள். முறையான வார்த்தையில் முறையாகக் கேட்டால் உலகம் கொடுக்கும் என்று நாலு வருடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் அதை நம்பிய முதல் ஆள் நான்தான். அடுத்த வாரம் 'கல் விளக்கு' நினைவுத் தொகுப்பு அச்சுக்குப் போகிறது. அதற்கு முன் கேட்டுவிட வேண்டும் என்று, டெக்கரின் பேச்சு தொடங்க அரை மணி நேரம் இருக்கையில், மேடைக்குப் பின்னாலிருந்த இந்தச் சின்ன அறைக்குள் வந்தேன். தொகுப்பைப் பதிப்பிக்கிற கர்ட்டும் அங்கே இருந்தான். முன்னால் பொரித்த சீஸ் தட்டு, மெய்ப்புத் தாள்கள்.

அம்மா பெயரைச் சொல்லித்தான் கேட்டேன். "எந்த ஆர்லிஸ்?" என்று டெக்கர் நெற்றியைச் சுருக்கினார். அடுத்த நொடியே, "ஓ, அந்தப் பட்டாணிப் பொண்ணா" என்றார்.

பெயர் மறந்துவிட்டது. பட்டாணி மறக்கவில்லை.

சிவப்புக் கோட்டின் நகலை மேசையில் வைத்தேன். கர்ட் எடுத்துப் பார்த்துவிட்டு டெக்கர் பக்கம் தள்ளினான். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். கொஞ்சம்கூடக் கூசவில்லை.

"அந்தக் காலத்துல நூறு பேர் நூறு குப்பை அனுப்புவாங்க கண்ணு. குப்பையைக் கதையாக்குறதுதான் ஆசிரியர் வேலை. உங்கம்மா அனுப்புனது பாதிக் கதை. அதுல கடைசி அறையே இல்ல. அந்த ஓட்டையை அழகாக்குனது நான்."

"நீங்க அழகாக்கல. உங்களுக்கு அது கிடைக்கல. பன்னிரண்டாம் பக்கம் எங்ககிட்ட இருக்கு."

கர்ட் நிமிர்ந்தான். சீஸைப் பாதி கடித்த வாய் அப்படியே நின்றது. பிறகு அவன் பேச ஆரம்பித்தான், மூச்சு விடாமல். கண்டெடுக்கப்பட்ட பக்கம் என்று தொகுப்பில் சேர்க்கலாமாம். அட்டையிலேயே போடலாமாம். நாற்பது வருட மர்மமாம். யார் பெயரில் என்று கேட்டேன். அவன் டெக்கரைப் பார்த்தான். டெக்கர் தாடியைத் தடவியபடி, நன்றிப் பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு வரி தரலாம் என்று பெரிய மனது பண்ணினார். கர்ட் அதை அங்கேயே மெய்ப்பில் எழுதி என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

தட்டச்சு உதவி: ஆர்லிஸ் குபியாக்.

அதை இரண்டு முறை படித்தேன். அம்மா சொன்னது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. நான் கையேந்தி நின்றேன், தட்டச்சு உதவியைப் போட்டார்கள்.

"உங்கம்மாவே சந்தோஷப்படுவா, பாரேன்" என்றார் டெக்கர்.

நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. முதல்முறையாகக் கோப்பையைக் கீழே வைத்தார். குரல் இறங்கியது.

"சரி, இரும்மா. பதினேழுல என்னதான் இருக்கு?"

கேட்டபடியே கையை நீட்டினார். பக்கத்தை வாங்கிக்கொள்ள. உள்ளங்கை மேல்பார்த்து இருந்தது. நாற்பது வருடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவந்த வாய்க்கு, உண்மையிலேயே தெரியாது. அந்தக் கையை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

கதவுப் பக்கம் திரும்பினேன். எல்லோருக்கும் தெரியும்போது அவருக்கும் தெரியட்டும்.

'கல் விளக்கு' படித்தவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஓர் இதழில் தப்பு வந்துவிட்டால் அடுத்த இதழுக்குள் ஒரு மஞ்சள் தாள் வரும். திருத்தத் தாள். அதைப் பழைய இதழில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதுவும் சட்டம்தான், அச்சுக்கு மேல் அச்சு. சேகரிப்பவர்கள் இன்றைக்கும் மஞ்சள் தாள் இல்லாத இதழை முழு இதழாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள். டெக்கர் வகுத்த முறை அது.

நேற்று மத்தியானம் நான் நானூறு மஞ்சள் தாள் அச்சடித்தேன். அதே அளவு, அதே எழுத்து. ஒரு பக்கம் அந்தச் சிவப்புக் கோடு, பெட்டி எண்ணோடு. மறுபக்கம் இது:

திருத்தம். இதழ் 31. எழுதியவர் பெயர் தவறு. எழுதியவர்: ஆர்லிஸ் குபியாக். விடுபட்டது: அறை 17. இது ஒரு சமையலறை. அடுப்பு எரிகிறது. சூப் கொதிக்கிறது, ஆளுக்கு ஒரு கிண்ணம் இருக்கிறது. பின்கதவு பூட்டப்படவில்லை. வேண்டியவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

அவ்வளவுதான் அந்தக் கருணையில்லாத கோபுரம்.

தாள்கள் மண்டப வாசலில், எங்கள் நூலகத்துக்கென்று போட்டிருந்த என் மேசைக்கு அடியில், பெட்டியில் இருந்தன. அம்மா பெயரைப் போடுகிறேன் என்று டெக்கர் சொல்லியிருந்தால் பெட்டியைத் திறந்திருக்க மாட்டேன். ஒரே ஒரு வரி கேட்டேன்.

"ஜொலீன், ஒரு நிமிஷம், பேசலாம்" என்று கர்ட் எழுந்தான். நான் பெயரைச் சொல்லவே இல்லை. என் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்துச் சொல்கிறான். போட்டிருக்கும் பெயரைப் படிக்க அவனுக்கு நன்றாகத்தான் தெரிகிறது.

கதவைத் திறந்தேன். மண்டபத்தில் இருநூறு பேராவது இருப்பார்கள். மடியில் பழைய இதழ்கள், நெஞ்சில் பதினேழு. டெக்கர் பின்னாலிருந்து "ஏம்மா, ஏம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரிசையிலிருந்து கொடுத்துக்கொண்டு போனால் பத்து நிமிடத்தில் மேடைக்கு வந்துவிடலாம். நான் என் மேசையைப் பார்த்து நடந்தேன்.