சிமிட்டியைத் தேடிப் போன வீடு

அண்ணாதுரையின் வீடு ரெட்டிபாளையத்தை விட்டுக் கிளம்பியது ஓர் ஆனி மாதத்து வியாழக்கிழமை, சிமெண்ட் ஆலையில் மதியச் சங்கு ஊதிக்கொண்டிருந்தபோது. அன்று அரியலூர் சந்தையில் சின்ன வெங்காயத்துக்கு விலை இல்லை, முருங்கைக்காய் பரவாயில்லை. வீடு முதல் நாள் அதிக தூரம் போகவில்லை. வாசலில் நின்ற வேப்பமரத்தை இடிக்காமல் ஒதுங்கி, பக்கத்து மனையைக் கடந்து, வேலியோரம் நின்றுகொண்டது. உள்ளே அவர் மனைவி அம்பிகா ரசம் தாளித்துக்கொண்டிருந்தார். சட்டியிலிருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை. அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டக் கொல்லைக் கதவைத் திறந்தபோதுதான், தன் வீட்டுத் துவைக்கும் கல் இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டு எருமை நின்று தன்னைப் பார்ப்பதைக் கண்டார். இருவருக்கும் ஒரே அளவு ஆச்சரியம்தான்.

இதற்குக் காரணம் ஒரு நாய் என்பது பிறகுதான் தெரிந்தது. சிமெண்ட் மாதிரிச் சாம்பல் நிறத்தில் இருந்ததால் அதற்குச் சிமிட்டி என்று பெயர். அண்ணாதுரை ஆலையில் மூட்டை ஏற்றும் பிரிவில் இருந்தார். மதியச் சங்கு ஊதியதும் அவர் வீடு வரும்போது, சாப்பிட உட்காரும் முன் சிமிட்டிக்கு ஒரு கவளம் வைப்பார். பல வருடம் அப்படித்தான் நடந்தது. அந்த வருடம் மகள் ஜோதியைப் பெண் பார்க்கத் துறையூரிலிருந்து வருவதாக இருந்தது. அப்போது பார்த்துச் சிமிட்டிக்குச் சொறி பிடித்துக்கொண்டது. முதுகில் முடி கொட்டி, உட்கார்ந்த இடமெல்லாம் சொறிந்துகொண்டிருந்தது. அண்ணாதுரை சுவருக்கு ஒரு வருடம், கூரைக்கு ஒரு வருடம் என்று பாடுபட்டுக் கட்டிய வீட்டில் அப்போதுதான் தரைக்கு டைல்ஸ் பதித்திருந்தார். அந்த டைல்ஸில் இந்த நாய் படுத்துக்கிடந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவருக்குக் கவலை. கவலைப்பட்டவர் ஒரு டாக்டரைத் தேடியிருக்கலாம். அவர் ஒரு காலிச் சிமெண்ட் சாக்கைத் தேடினார்.

மூக்கு மட்டும் வெளியே தெரியச் சாக்கைக் கட்டி, கண்டக்டரிடம் சண்டைக்கோழி என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் பெரம்பலூர் போனார். அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, சென்னை ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் இடத்தில் இறங்கினார். பூனையையோ நாயையோ கொண்டுபோய் விடுகிறவர்கள் சாக்கோடு தூக்கி மூன்று சுற்றுச் சுற்றிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படிச் சுற்றினால் அதற்குத் திசை மறந்துபோகும், வீடு திரும்பாது. நாய்க்கு மோப்பம் அதிகம் என்பதால் அண்ணாதுரை கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு சாக்கை அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினார். சிமிட்டி எங்கே என்று ஜோதி கேட்டதற்கு, ஓடிப்போய்விட்டது என்று சொன்னார். பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, தரை பளபளவென்று இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த வியாழக்கிழமை வீடு கிளம்பிவிட்டது.

மறுநாளும் அதே நேரத்தில் நகர்ந்தது. ஒரு ஆள் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம் நடக்கும், பிறகு நின்றுவிடும். அஸ்திவாரம் போட்ட கொத்தனார் கருப்பண்ணன் வந்து குனிந்து பார்த்தார். "கடக்கால் ஒரு கல்லு பேராம அப்புடியே கூட வருது. யாரு போட்டது?" என்று கேட்டு, தன் நெஞ்சையே தட்டிக்கொண்டார். மின்வாரிய ஆள் ஒயரை நீட்டிக்கொண்டே கொஞ்ச நாள் கூட வந்தார். பிறகு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனார். அதற்கப்புறமும் விளக்கு எரிந்தது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பங்காளிகள் கூடி, லாரிச் சங்கிலியால் வீட்டை ஒரு புளியமரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். அன்று மதியமும் வீடு போயிற்று. சங்கிலியை வாசல்படியில் முறுக்குப் போலச் சுருட்டி வைத்திருந்தது.

வீடு எந்தத் திசையில் போகிறது என்பதை முதலில் கவனித்தவர் அம்பிகாதான். அது சுண்ணாம்புக்கல் குழிகளைச் சுற்றிக்கொண்டு, பருத்திக் கொல்லைகளின் ஊடே, நேராக வடமேற்கே போய்க்கொண்டிருந்தது. அவர் கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்து விசாரித்தார். அண்ணாதுரை கொஞ்சம் மழுப்பிப் பார்த்துவிட்டு, சாக்கிலிருந்து சுற்று வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஏங்க, நாயச் சுத்துனீங்க, சரி. வூட்டச் சுத்துனீங்களா?" என்று அம்பிகா கேட்டார்.

இதைக் கேள்விப்பட்ட பங்காளிகளுக்கும் அது நியாயமாகப் பட்டது. இப்போதாவது வீட்டை மூன்று சுற்றுச் சுற்றிவிடலாமா என்று யோசித்தார்கள். பிடிப்பதற்கு இடம் கிடைக்காததால் விட்டுவிட்டார்கள். ஜோதி காதுக்கு மட்டும் இது போகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

வீடு போன வழியில் யாருடைய வெள்ளாமைக்கும் சேதமில்லை. மக்காச்சோளம் முன்னால் படுத்து, வீடு கடந்ததும் பின்னால் எழுந்துகொள்ளும். குன்னத்துப் பக்கம் நல்லுசாமி என்பவரின் வெங்காயக் காட்டில் வீடு வந்து நின்றபோது அவர் மண்வெட்டியோடு ஓடி வந்தார். அம்பிகா மோர் கொடுத்தார். வீடு அந்தக் காட்டைக் கடந்து முடிப்பதற்குள் இரண்டு குடும்பங்களும் மாமன் மச்சான் என்று பழகிவிட்டன, நல்லுசாமியின் மனைவி வழியனுப்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜோதியின் கல்யாணமும் வழியில்தான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் சங்கடப்படவில்லை. வீடு தங்கள் பக்கமாகத்தான் வருகிறது, பெண்ணுக்குத் தாய்வீடு கிட்டத்தில் ஆகும் என்று சந்தோஷப்பட்டார்கள். அண்ணாதுரை தினமும் ஆலைக்குப் போய்த் திரும்பினார். சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் எங்கே இறங்குவது என்று கண்டக்டரைத்தான் கேட்பார். "வேப்பூர் ஸ்டாப்பு தாண்டி எறங்குங்கண்ணே, இன்னிக்கு அங்கதான் நிக்கிது" என்று கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிப்பார்.

அம்பிகா விடவில்லை. நாயைக் கண்டுபிடித்தால்தான் வீடு நிற்கும் என்று நச்சரித்தார். அண்ணாதுரைக்கும் வேறு வழி தெரியவில்லை. பிறந்த மண்ணும் மனையும் தூரமாகிக்கொண்டே போயின, வீடு எங்கே போய் முடியும் என்ற பயத்தில் அவர் பாதியாக இளைத்திருந்தார். சென்னை ரோட்டு டீக்கடைகளில் விசாரித்து, கடைசியில் எறையூருக்குப் போய்ச் சேர்ந்தார். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொண்டுவந்த மாடுகளை முன்பு அவிழ்த்துக் கட்டிய கொட்டகை ஒன்று அங்கே இருந்தது. வெற்றிச்செல்வி என்கிற பெண் அதில் அடிபட்டதையும் கைவிடப்பட்டதையும் வைத்துப் பராமரித்து வந்தார். பலகையில் பிராணிகள் காப்பகம் என்று எழுதியிருந்தாலும் ஊரில் அதற்கு நாய்ப் பள்ளிக்கூடம் என்றுதான் பெயர். கல்யாண மண்டபத்திலிருந்து மிஞ்சிய சோறும், கோழிப்பண்ணையிலிருந்து உடைந்த முட்டையும், தையற்கடையிலிருந்து படுக்கைக்குத் துணியும் வந்தன. கால்நடை டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊசியோடு வந்து, காசு வாங்காமல் டீ மட்டும் குடித்துவிட்டுப் போவார்.

சிமிட்டி அங்கே இருந்தது. சொறி ஆறி, முடி அடர்ந்து, முன்பைவிட நன்றாகவே இருந்தது. அதைக் கேட்டு எத்தனையோ பேர் வந்தார்களாம். யாரோடும் போகவில்லை. மதியமானால் தென்கிழக்கே பார்த்து உட்கார்ந்துகொள்ளும் என்று வெற்றிச்செல்வி சொன்னார். அண்ணாதுரை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாய் அவரைப் பார்த்தது. வால் ஒரு தடவை அசைந்து நின்றது. பிறகு எழுந்து போய் வெற்றிச்செல்வியின் காலுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. அண்ணாதுரை கையை நீட்டியதும் அதன் உடம்பு நடுங்கியது.

"தூக்கிட்டுப் போவலாம்ணே, ஒங்க நாய்தான்" என்றார் வெற்றிச்செல்வி. "ஆனா அதுவா வராது. மறுபடியும் சாக்குலதான் போட்டுக் கட்டணும். கட்டுவீங்களா?"

அண்ணாதுரை நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அன்று பஸ்ஸில் அவர் கண்டக்டரிடம் எதுவும் கேட்கவில்லை, தவறான ஊரில் இறங்கி இருட்டில் நடந்து வந்தார்.

அடுத்த வார ஓய்வு நாளில் மறுபடியும் போனார். நாயைக் கேட்கவில்லை. தண்ணீர்த் தொட்டியைக் கழுவிவிட்டு வந்தார். அப்படியே வாரா வாரம் என்று ஆயிற்று. மூட்டை தைக்கப் பழகிய கை என்பதால் கெட்டி நாடாவில் கழுத்துப்பட்டை தைத்து, அழியாத மையில் நாய்ச் சொந்தக்காரரின் போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். பெரம்பலூர் டவுனில் நாய் வளர்க்கிறவர்கள் கேட்டு வாங்கினார்கள். கருத்தடைக்குக் கொண்டுவந்த நாய்களைப் பிடித்துக்கொண்டார். சிமிட்டி தூரத்திலிருந்தே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வைத்த சோற்றை, அவர் போன பிறகு தின்றது.

இரண்டாவது பொங்கல் கழிந்து வீடு நெடுஞ்சாலையை எட்டியது. அன்று ஆம்னி பஸ்களும் கரும்பு லாரிகளும் பின்னால் வரிசை கட்டி நிற்க, வீடு இடது ஓரமாகவே ஒழுங்காகப் போயிற்று. டோல்கேட்டில் இருந்தவர்கள் இது எந்த வகை வண்டி என்று தெரியாமல் கேட்டைத் தூக்கிவிட்டார்கள். அம்பிகா ஜன்னல் வழியாகக் கையசைத்தார். சில நாளில் வீடு எறையூருக்குள் திரும்பி, கொட்டகைக்கு நேராக வந்தது. வெற்றிச்செல்வி வெளியே வந்து பார்த்தார். "நான் கேட்டத் தொறக்கட்டாக்கா, இல்ல அதுவே பாத்துக்குமா?" என்று அம்பிகாவிடம் கேட்டார். அதுவே பார்த்துக்கொண்டது. சுற்றுச்சுவருக்கு உள்ளே, ஒரு புங்கமரத்தடியில் நின்றது. அதற்குப் பிறகு நகரவில்லை. வாசல் கதவு மட்டும் சாத்த மறுத்தது. யார் தள்ளினாலும் திறந்துகொள்ளும். சிமிட்டி வந்து படியை மோந்து பார்க்கும், உள்ளே காலை வைக்காமல் திரும்பிவிடும். மாதக்கணக்கில் அந்தக் குடும்பம் கதவைத் திறந்துபோட்டே தூங்கியது.

அந்தத் தீபாவளிக்கு ஜோதி புருஷனோடு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சிமிட்டி பாய்ந்து வந்து அவள் மேல் ஏறியது. அவள் அதன் காதைப் பிடித்துக்கொண்டே அப்பாவிடம் திரும்பினாள்.

"ஓடிப்போச்சுன்னீங்களே?"

"ஓடலம்மா. நான்தான் சாக்குல கட்டிக் கொண்டாந்து ரோட்டுல வுட்டேன். ஒன் கல்யாணத்துக்காவன்னு நெனச்சுக்கிட்டேன்."

"என்னச் சாக்காச் சொல்லாதீங்கப்பா" என்றாள் ஜோதி. அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

மறுநாள் காலை ஊரே வெடி வெடித்தது. வெடிச் சத்தத்துக்குப் பயந்து வருடா வருடம் நாலைந்து நாய்களாவது சுவரேறிக் குதித்து நெடுஞ்சாலையில் அடிபடும். அதனால் எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுபோகலாம் என்று அண்ணாதுரையே சொன்னார். நொண்டி நாய்களும், கண் தெரியாத பூனைகளும், காது கிழிந்த ஓர் ஆடும் அவர் பதித்த டைல்ஸ் மேல் நெருக்கியடித்துப் படுத்தன. அம்பிகா ஜன்னல் சந்துகளில் பழைய புடவைகளைத் திணித்தார். சிமிட்டி மட்டும் வாசலில் நின்றபடி நடுங்கியது. தெருமுனையில் ஒரு சரவெடி தொடங்கியது. நாய் உள்ளே பாய்ந்து, ஜோதியைத் தாண்டி, அம்பிகாவைத் தாண்டி, மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணாதுரையின் அக்குளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. அவர் மூச்சுக்கூட மெதுவாக விட்டார். கால் மரத்துப்போன பிறகும் அசையவில்லை. பிறகு அழுதார், சத்தம் போட்டே அழுதார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜோதி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து நாயின் முதுகைத் தடவினாள். வாசல் கதவு தானாகச் சாத்திக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை.

வீடு ரெட்டிபாளையத்துக்குத் திரும்பவில்லை. திரும்பும் என்று அண்ணாதுரை ஒரு மாதம் எதிர்பார்த்தார், பிறகு மறந்துபோனார். பஞ்சாயத்திலிருந்து வந்து கதவில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். எந்த ஊர் என்று கேட்டால், "ஊரு ரெட்டிபாளையம், வூடு எறையூரு" என்பார். சாக்கோடு ஏறுகிறவர்களிடம் கண்டக்டர்கள் இப்போது சாக்கை அவிழ்த்துக் காட்டச் சொல்கிறார்கள்.

போன கார்த்திகையில், ஜெயங்கொண்டம் பக்கமிருந்து ஓர் ஓட்டு வீடு கிளம்பியிருப்பதாக பஸ்காரர்கள் செய்தி கொண்டுவந்தார்கள். வெற்றிச்செல்வி ஆள் வைத்துச் சுவரோரம் இருந்த சீமைக்கருவேல முள்ளை வெட்டி இடம் ஒதுக்கினார். யாருடைய பிராணி என்று தேடியபோது, சில மாதம் முன்பு வந்த ஒரு மஞ்சள் பூனை கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தது. அண்ணாதுரை மறுநாளே பஸ் ஏறினார். அரியலூர் தாண்டி ஒரு முந்திரிக்கொல்லையில் அந்த வீடு நின்றது. தனியாக இருந்த கலியம்மாள் என்கிற அம்மாள், வீட்டைக் கும்பிட்டு, நின்றுவிடும்படி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"மஞ்சப் பூனைங்களா?" என்று அண்ணாதுரை கேட்டார்.

கலியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வூடு அது பாட்டுக்கு வரட்டும்மா. ரெண்டு வருசம் ஆவும். நீங்க என்னோட இப்பவே பஸ் ஏறுங்க."

அவர் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, ஒரு தூக்குச்சட்டியில் பால் ஊற்றிக்கொண்டு வந்தார். அவசரத்தில் கதவைப் பூட்ட மறந்து, ரோட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். அன்று மதியம் அந்த வீடு முந்திரி மரங்களுக்கு நடுவே இருந்த இடத்திலேயே நின்றது.